டஸ்ட் 2: மிட் கதவைக் கடப்பதற்குள் ஆளை இழக்கிறோம், வழி சொல்லுங்கள்

கேள்வி (கே.ஆர். புரம்)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு கே.ஆர். புரத்தில் ஒரே குடியிருப்பில் வசிக்கும் தமிழ் நண்பர்கள் ஐவர், ஞாயிறு இரவுகளில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 (சி.எஸ். 2) என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆடுகிறோம். டஸ்ட் 2 என்ற மேப் (ஆடுகளம்) வந்துவிட்டால், குண்டு வைப்பதைத் தடுக்கும் சி.டி. அணியாக எங்களால் நிலைக்க முடியவில்லை. குண்டு வைக்கக்கூடிய இரு இடங்களில் ஒன்றான பி தளத்தில் சத்தம் கேட்டதும், மற்றொன்றான ஏ தளத்திலிருந்து உதவிக்கு ஓடுபவர், மிட் எனப்படும் நடுப்பாதையின் கதவுகளுக்கு எதிரே உள்ள சிறு வெளியைக் கடக்கும்போது, கதவுகளின் இடுக்கு வழியாக வரும் ஏ.டபிள்யூ.பி. (ஸ்னைப்பர் துப்பாக்கி) தோட்டா பட்டு விழுந்துவிடுகிறார். சென்ற வாரம் ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை இப்படி நடந்தது. இவ்வளவு புகழ்பெற்ற மேப்பில் இந்தக் கதவிடுக்கை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? இதைத் தாண்டுவதற்கு முறையான வழி உண்டா?

பதில் 1 (அல்சூர்)

தம்பி, நாங்கள் பழைய கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய நாள்களிலேயே இந்தக் கதவு எங்களை அழவைத்திருக்கிறது. 2005 வாக்கில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரௌசிங் சென்டரில், எட்டு கணினிகளை லேனில் இணைத்து ஆடுவோம். அன்று, குண்டு வைக்க வரும் டி அணி தொடங்கும் இடத்தில் நின்றபடியே கதவிடுக்கு வழியாகச் சி.டி. பக்கம் தெரியும். எங்களில் ஒருவர் ஆட்டம் தொடங்கியதும் ஸ்கோப்பை அந்த இடுக்கில் வைத்துவிட்டு, மவுஸிலிருந்து விரலைக்கூட அசைக்காமல் காத்திருப்பார்; கருப்பாக ஒரு கோடு குறுக்கே ஓடினால் சுட்டுவிடுவார். இடுக்கில் தவறினாலும் மரக்கதவைத் துளைத்துக்கொண்டு தோட்டா வந்து சேரும். பிறகு வந்த சி.எஸ்.: கோ (CS:GO) பதிப்பில் 2022ஆம் ஆண்டில்தான் தொடக்க இடத்திலிருந்து தெரியும் அந்த நேர்ப்பார்வையை மறைத்தார்கள். அந்த மாற்றம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பதில் 2 (இந்திரா நகர்)

இடுக்கு ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு, மேப்பின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. டேவ் ஜான்ஸ்டன் உருவாக்கி 2001 மார்ச்சில் வெளிவந்த டஸ்ட் 2, மேலிருந்து பார்த்தால் 8 என்ற எண்ணைப் போலத் தெரியும். இரண்டு வளையங்களும் மிட்டில் சந்திக்கின்றன. சி.டி. அணி தொடங்கும் இடம் இரண்டு தளங்களுக்கும் நடுவில் இருப்பதால், அவர்கள் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் சில நொடிகளில் போய்விடலாம், ஆனால் ஏ தளத்துக்குப் போகும் நீண்ட பாதையான லாங்கில் நிற்கும் டி அணியினர் பி தளத்துக்கு வர வேண்டுமானால் தங்கள் பக்கமாக நெடுந்தூரம் திரும்பிச் சுற்றி வர வேண்டும். இந்தச் சாதகத்துக்குச் சி.டி. அணி கொடுக்கும் விலையே மிட் கதவு என்பது என் கருத்து. அதை முழுவதும் அடைத்துவிட்டால் டி அணிக்கு மிட்டைப் பிடிப்பதில் பாதிப் பயன் போய்விடும். போட்டிகளுக்கான மேப் வரிசையிலிருந்து 2017இலும் 2022இலும் நீக்கப்பட்டபோதும், இந்த மேப் மீண்டும் உள்ளே வந்தது.

பதில் 3 (சிவாஜி நகர்)

வழி எளிது, ஒழுங்குதான் வேண்டும். ஆட்டத்துக்குள் ஏ.டபிள்யூ.பி.யின் விலை 4,750 டாலர். அதன் கண்ணை மறைக்கும் ஸ்மோக்கின் (புகைக்குண்டு) விலை 300. ஆகவே, ஏ தளத்தைக் காப்பவர்களில் ஒருவர் தம் ஸ்மோக்கை லாங் சண்டையில் செலவழித்துவிடாமல், மிட் கதவுக்காகவே வைத்திருக்கட்டும். பி பக்கம் சத்தம் வந்ததும் அதைக் கதவடியில் எறிந்து, புகை முழுவதும் விரிந்த பிறகு கடக்க வேண்டும். பாதி விரிந்த புகையில் ஓடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சி.எஸ். 2இல் கையெறி குண்டு வெடித்தால் புகையில் சற்று நேரம் ஓட்டை விழும் என்பதால், எதிரணியிடம் கையெறி குண்டு மிச்சமிருந்தால் புகைக்குள்ளும் நடந்து போகாதீர்கள், ஓடுங்கள். தளத்தில் டி அணியின் வெடிகுண்டு வைக்கப்பட்டுவிட்டாலும் பதற வேண்டாம், அது வெடிக்க 40 நொடி ஆகும். செயலிழக்கச் செய்யும் கருவியான கிட் இருந்தால் 5 நொடியில் செயலிழக்கச் செய்யலாம், இல்லையென்றால் 10 நொடி. ஒருவர் ஒருவராகக் கதவைக் கடந்து சாவதைவிட, மூவர் சேரும்வரை காத்திருந்து ஒன்றாகப் போவது மேல்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நேற்று ஸ்மோக் போட்டுவிட்டு, அது விரிவதற்குள் நான்தான் முதலில் ஓடினேன் என்பது இப்போது புரிகிறது. கிட் வாங்கும் பழக்கமும் எங்களில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. இந்த ஞாயிறு ஆடிவிட்டு, பி தளத்தை மீட்டோமா என்று இங்கேயே எழுதுகிறேன்.