பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாம்பத்தியத்தில் வலியும் விருப்பமின்மையும்

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்

முதற்பிள்ளைக்கு எட்டு மாதமாகிறது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். கொழுந்து பறிக்கத் திரும்பவும் போகத் தொடங்கிய பிறகு, மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. கணவர் கொழும்பில் வேலை செய்கிறார்; மாதக் கடைசியில்தான் வருவார். சேரும்போது எரிச்சலும் வலியும் உண்டாவதால், அவர் வரும் நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. சேலைத் திரைக்கு அப்பால் மாமியாரும் படுத்திருப்பார். எனக்கு அன்பு குறைந்துவிட்டது என்று கணவர் வருந்துகிறார். இது உடம்பில் உள்ள கோளாறா, மனதில் உள்ளதா?

பதில்: பதுளையிலிருந்து ஒரு தாதி

சகோதரி, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அன்பு குறைந்ததற்கு இது அடையாளம் அல்ல. பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனின் சுரப்பு குறைவாக இருப்பதால் பிறப்புறுப்பு வறண்டு, எரிச்சலும் வலியும் ஏற்படுவது மிகவும் சாதாரணம். பிரசவத்தின்போது தையல் போட்டிருந்தால் அந்தத் தழும்பும் வலிக்கலாம். ஒருமுறை வலித்தால், அடுத்த முறை அந்தப் பயத்தாலேயே தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். அதனால் வலி இன்னும் கூடும். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குக் களிம்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்கலாம். ஆணுறை பயன்படுத்துவதாயின் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடக்கூடும். குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்ட சிலருக்கும் விருப்பம் குறைவதுண்டு. அப்படியானால் நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று முறை பற்றி உங்கள் மருத்துவிச்சியிடம் கேளுங்கள். சேர்ந்த பின் இரத்தக்கசிவு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிற்று வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பதில்: ஹட்டனிலிருந்து ஓர் அக்கா

தங்கச்சி, உடம்பு இப்படி ஓய்ந்துபோவதற்கு இரத்தச்சோகை காரணமா என்று முதலில் பாருங்கள்; தைரொய்ட் சுரப்பியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நம் பெண்கள் பலர் இரும்புச்சத்துக் குளிசையைக் காலைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடுகிறார்கள். தேயிலையிலுள்ள பொருட்கள் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் அப்படி விழுங்குவதில் அதிகப் பயன் இல்லை. தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்து, ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். அழுகை, எதிலும் பற்றின்மை, தூக்கமின்மை ஆகியன இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ 1926 என்ற மனநல உதவி இலக்கத்திலோ பேசலாம். திரைக்கு அப்பால் ஆள் இருக்கையில் எந்தப் பெண்ணுக்கும் மனம் இளகாது. அது உங்கள் குறை அல்ல, அந்த வீட்டின் குறை.

பதில்: பண்டாரவளையிலிருந்து ஒரு கணவர்

எங்கள் வீட்டிலும் இதே நிலை இருந்தது. வலிக்கிறது என்று மனைவி வெளிப்படையாகச் சொன்னதும் நானும் கிளினிக்குக்குக் கூடப் போனேன். வலி குறையும் வரை உறவைத் தள்ளிவைக்கும்படி வைத்தியர் என்னிடமே நேரில் சொன்னதால் எனக்கு விளங்கியது. உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் யாராவது வற்புறுத்தினால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.