சயனைடு மேட்டுப் பக்கத்து மண்ணுக்கு பயோசார் போடலாமா?

மாரிக்குப்பம்காரன்:
கேஜிஎஃப்-இல் (கோலார் தங்க வயல்) சயனைடு மேட்டை ஒட்டி எங்கள் வீடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சுரங்கக் கழிவுதான் அந்த மேடு. பின்னால் ஆறு சென்ட் இடம். சுரங்கத்தை 2001-இல் மூடினார்கள். மேடு அப்படியே நிற்கிறது. ஆடிக் காற்றில் சாம்பல் நிறத் தூள் கொடியில் காயும் துணி வரைக்கும் வந்து படியும். அம்மா வைத்த முருங்கை பட்டுப்போனது. கீரை இரண்டு இலை விட்டதும் மஞ்சளாகிவிடுகிறது. மழைக்குப் பிறகு மேல்மண் சிமென்ட் தரை போல இறுகிவிடும். மேட்டு மேல் சீமைக்கருவேலம் மட்டும் ஜோராக வளர்கிறது. அதையே வெட்டி பயோசார், அதாவது மண்ணில் கலக்கும் கரி, ஆக்கிப் போட்டால் மண் தேறுமா?

சாயல்குடி மூட்டக்காரர்:
தம்பி, எங்களுக்கு கரிமூட்டம்தான் பிழைப்பு. மேட்டில் முளைத்ததை மட்டும் வெட்டாதீர்கள். மரம் உறிஞ்சிய உலோகத்தில் கொஞ்சம் புகையோடு போகும், மீதி கரியில் செறிந்து நிற்கும். மேட்டிலிருந்ததைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்த கதையாகிவிடும்.

அளவையும் பாருங்கள். அரை அடி ஆழத்துக்கு எடையில் 2 சதவீதம் என்றால் சென்ட்டுக்குச் சுமார் 180 கிலோ கரி. ஆறு சென்ட்டுக்கு ஒரு டன்னுக்கு மேல். காய்ந்த விறகு அதைப்போல் நாலு மடங்கு வேண்டும்! முதலில் பத்துக்கு நாலடியில் ஒரு பாத்தி, 17 கிலோ போதும். கரியைப் பொடித்து, சாணிக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்துப் போடுங்கள். வெறும் கரி மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மண்புழு:
அண்ணன் சொன்ன பாத்திக்கும் முன்னால் மண் பரிசோதனை. ஆர்சனிக் என்ற விஷப் பொருளுக்கான சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தங்கத் தாதோடு ஆர்சனோபைரைட் என்ற ஆர்சனிக் கனிமம் வருவது சகஜம்.

ஈயம், காட்மியம், தாமிரம் எல்லாம் கரியில் ஒட்டும். கரி மண்ணின் காரத்தைக் கூட்டுவதால் அவை நீரில் கரைவதும் குறையும். ஆர்சனிக் நேர் எதிர். காரம் ஏறினால், அதைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புத் துகளை விட்டு நழுவி நீரில் இறங்கிவிடும். அது அதிகமாக இருந்தால் சாதாரணக் கரி ஆகாது, இரும்பு ஏற்றிய கரிதான் வேண்டும்.

கொலராடோவில் ஆஸ்பென் பக்கம் ஹோப் சுரங்கச் சரிவில் 2010-இல் பயோசாரைக் கம்போஸ்ட்டோடு கலந்துதான் போட்டார்கள். அங்கே நோக்கம் சரிவில் புல் பிடிப்பது, ஓடைக்கு விஷம் இறங்காமல் தடுப்பது. சாப்பாட்டுக்குப் பயிர் வைப்பதற்கு அல்ல. கரி உலோகத்தைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். மண்ணை விட்டு வெளியேற்றாது. அதனால் கீரையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இலையில்தான் தூளும் படியும், காட்மியமும் ஏறும்.

மாரிக்குப்பம்காரன்:
சரி, நாளைக்கே மண் எடுத்து அனுப்புகிறேன். கீரை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய வேலை. அப்புறம் அண்ணே, ராபர்ட்சன்பேட்டை ஓட்டல்களில் கொட்டாங்கச்சி சும்மாவே கிடைக்கும். அதில் கரி எடுக்கலாமா?

சாயல்குடி மூட்டக்காரர்:
தாராளமாக. குழி வெட்டி எரியுங்கள், தணல் சாம்பல் பூக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். பொடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.