'லாபி' என்பதற்குத் தமிழ்: வாயிலா, தரகா, சார்புரையா?

மதுரையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். இதழியல் மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றில் ஓர் இயலைத் தமிழாக்கி வருகிறேன். காலநிலைக் கொள்கையைத் தம் பக்கம் திருப்ப எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் அரசுகளிடம் என்னென்ன செய்தன என்பதே அதன் பொருள். வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அரசின் முடிவைத் தம் பக்கம் திருப்ப அதிகாரத்தில் இருப்போரிடம் பேசுவதைக் குறிக்கும் 'லாபி' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வகுப்பில் ஒரு பத்தியைப் படித்துக் காட்டியபோது, மாணவர் சிலர் அதை 'லாபம்' என்பதன் உறவுச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். வேறு சிலருக்கு விடுதியின் வரவேற்புக் கூடம்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்.

எந்தச் சொல்லைப் பரிந்துரைத்தாலும் இம்மூன்று இடங்களில் பொருத்திப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது, 1989இல் தொடங்கி 2002இல் கலைக்கப்பட்ட உலகக் காலநிலைக் கூட்டணி. பெயரைக் கேட்டால் காலநிலையைக் காக்கக் கூடியவர்கள் என்று தோன்றும். ஆனால் எக்ஸான், ஷெல் முதலிய எண்ணெய் நிறுவனங்களும் நிலக்கரி, மோட்டார் வாகனத் துறையினரும் உறுப்பினராயிருந்து, புவியை வெப்பமாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கையை எதிர்த்த அமைப்பு அது. இரண்டாவது, 26 ஜூன் 2009 அன்று அமெரிக்கக் கீழவையில் 219க்கு 212 என்ற வாக்குகளில் நிறைவேறி, பின்னர் மேலவையில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்த, கார்பன் உமிழ்வைக் குறைப்பதற்கான வாக்ஸ்மன் - மார்க்கி மசோதா. மூன்றாவது, 2018இல் வாஷிங்டன் மாநிலத்தில் கார்பன் கட்டணத்துக்காக நடந்த மக்கள் வாக்கெடுப்பு. அதை எதிர்த்து எண்ணெய் நிறுவனங்கள் 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன, முன்மொழிவு தோற்றது.

திருநெல்வேலியிலிருந்து நண்பர் ஒருவர்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'தரகு' என்று எழுதுங்கள். செய்பவர் தரகர். கடைக்கோடி வாசகருக்கும் புரியும்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தரகு வேண்டா. மாட்டுச் சந்தைக்கும் வீட்டு மனைக்கும் உரிய சொல்லைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுபோனால் பொருள் குறுகிவிடும். நம்மிடம் இதற்கென்றே அமைந்த சொல் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கிறது: வாயில். ஊடிய தலைவியிடம் தலைவனுக்காகப் பரிந்து பேசச் செல்வோரை 'வாயில்கள்' என்று தொல்காப்பியம் கற்பியலில் தொகுத்துச் சொல்கிறது. தோழி, பாணன், விறலியர், கூத்தர் என அவர்கள் பன்னிரு வகையினர். 'லாபி' என்பதும் கட்டடத்தின் ஒரு பகுதியைக் குறித்த சொல்லே. அவை உறுப்பினரைக் காண வந்தோர் காத்திருந்த முன்கூடம், அங்குக் காத்திருந்து செய்த செயலுக்கே பெயராயிற்று. இடத்தின் பெயர் செயலுக்கும் ஆளுக்கும் ஆகிவருவது இரு மொழிகளிலும் ஒன்றுபோலவே நிகழ்ந்திருக்கிறது. 'வாயில் நேர்தல்', 'வாயில் மறுத்தல்' என்ற துறைப் பெயர்களும் ஆயத்தமாக உள்ளன. நிறுவனத்தின் வேண்டுகோளை உறுப்பினர் ஏற்றால் வாயில் நேர்ந்தார். ஏற்காவிட்டால் வாயில் மறுத்தார். இவ்வளவு முழுமையான சொற்குடும்பம் வேறெதற்கு வாய்க்கும்?

சென்னையிலிருந்து வழக்குரைஞர் அம்மையார்:

பேராசிரியர் ஐயாவின் விளக்கத்தை மகிழ்ந்து படித்தேன். ஆயினும் இரண்டு கருத்துகளையும் மறுக்க வேண்டியிருக்கிறது. 'தரகு' என்றால் நம் வாசகர் கமிஷனையும், அதையொட்டிக் கையூட்டையும் நினைப்பார். அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தமே காக்கிறது. இத்தொழில் அங்கே வெளிச்சத்தில் நடப்பது. 1946இலேயே இதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது. 1995ஆம் ஆண்டின் வெளிப்படுத்தல் சட்டப்படி இத்தொழிலைச் செய்வோர் தம் பெயரைப் பதிந்து, யாருக்காக, எந்த மசோதா குறித்து, எவ்வளவு பணம் பெற்றுப் பேசினர் என்று அறிக்கை தர வேண்டும். சட்டம் அனுமதிக்கும் தொழிலுக்குக் குற்றத்தின் பெயரைச் சூட்டினால், காலநிலைக் கொள்கை முடங்கியதற்குக் காரணம் சில கறைபட்ட கைகள்தாம் என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். அது முடங்கியது பெரும்பாலும் சட்டப்படியே என்பதுதான் இந்த இயலில் அவர் கற்க வேண்டியது.

'வாயில்' என்பதில் எனக்குள்ள தடை வேறு. தலைவிக்கு எதிரே நிற்கும் பாணனை அவளுக்குத் தெரியும். அவனை அனுப்பியவன் யார் என்பதும் தெரியும். இந்த இயல் பேசுவதோ அனுப்பியவர் மறைந்திருக்கும் நிலையை. 2009 ஆகஸ்டில் பல ஊர்களில் கூட்டங்கள் நடத்தி, வாக்ஸ்மன் - மார்க்கி மசோதாவைச் சாதாரணக் குடிமக்களே எதிர்ப்பதாகக் காட்டியது, எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் என்ற கூட்டமைப்பு. உங்கள் பணியாளர்களை அனுப்புங்கள் என்று அது உறுப்பு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்ட குறிப்பு அப்போதே வெளியில் கசிந்தது.

கோயம்புத்தூரிலிருந்து நாளிதழ் உதவி ஆசிரியர்:

மேசையில் உட்கார்ந்து தலைப்பு எழுதுபவனின் நிலையில் நின்று சொல்கிறேன். 'எண்ணெய் நிறுவனங்களின் வாயில்கள்' என்று தலைப்பிட்டால் ஆலையின் கதவுகளைப் பற்றிய செய்தி என்றுதான் படிப்பார்கள். 'ஆதரவு திரட்டல்' என்று எழுதிவிடுவது எங்கள் வழக்கம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தந்த மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தபோது, அது வாஷிங்டன் மாநிலத்துக்கு மட்டுமே பொருந்துகிறது. அங்கே பேசியது வாக்காளரிடம். அதற்கும் 'பரப்புரை' என்ற சொல் தேர்தல் செய்திகளில் நிலைபெற்றுவிட்டது. ஆக, மக்களிடம் செய்வது பரப்புரை. அரசிடம் செய்வதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு தொழில் நடத்தும் நிறுவனங்கள் சேர்ந்து அமைக்கும் சங்கத்தைத் 'தொழிற்சங்கம்' என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. எண்ணெய் முதலாளிகளின் அமைப்பு தொழிலாளர் அமைப்பாக மாறிவிட்டது! அதைத் 'தொழில் நிறுவனக் கூட்டமைப்பு' என்று நீளமாகவே எழுதுங்கள். நீளம் போகட்டும், பொருள் நிற்கட்டும்.

மதுரையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

கூட்டமைப்புப் பற்றிய திருத்தத்துக்கு நன்றி; அது இந்த இயலின் உயிர்நாடி. ஒரு நிறுவனம் தன் பெயரில் பாரிசு உடன்படிக்கையை வரவேற்கும். அதே நிறுவனம் சந்தா கட்டும் கூட்டமைப்பு, அவ்வுடன்படிக்கைக்கு வலுச்சேர்க்கும் விதிகளை எதிர்க்கும். 2021 ஜனவரியில் பிரான்சின் டோட்டல் நிறுவனம், காலநிலை நிலைப்பாட்டில் வேறுபாடு இருப்பதாகக் கூறி அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தை விட்டு விலகியது. விலகியது ஒன்று, தங்கியவை பல.

எனக்கு இப்போது தோன்றும் சொல் 'சார்புரை'. ஒருவர் சார்பாக உரைப்பது. செய்பவர் சார்புரைஞர், 'வழக்குரைஞர்' என்ற சொல்லின் அச்சிலேயே அமைகிறது. தரகு போலக் குற்றம் சாட்டவில்லை. பரிந்துரை போல நடுநிலை என்ற மயக்கமும் தரவில்லை. 'சார்பு' என்பதில் ஒரு பக்கம் சாய்ந்திருத்தல் என்ற பொருளும் கலந்திருப்பதைக் குறையாக நான் எண்ணவில்லை. 2023இல் துபாய் காலநிலை மாநாட்டுக்குப் புதைபடிவ எரிபொருள் சார்புரைஞர் 2,456 பேர் நுழைவு பெற்றிருந்ததாகத் தன்னார்வக் கூட்டணி ஒன்று கணக்கிட்டது. இந்த வாக்கியத்தை உரக்கப் படித்தேன். நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

தஞ்சாவூர்ப் பேராசிரியர்:

'வழக்குரைஞர்' வழக்கை உரைப்பவர். அங்கே வழக்கு செயப்படுபொருள். சார்புரைஞர் சார்பை உரைப்பவரா? இல்லை, சார்பாக உரைப்பவர். உருபு வேறுபடுகிறது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், 'முன்றில்' என்பதையும் எண்ணிப் பாருங்கள் என்று வேண்டுகிறேன். இல்முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆயிற்று; இல்வாய் வாயில் ஆனதும் அவ்வாறே. வீட்டின் உள்ளும் அன்று, தெருவும் அன்று. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இடம். சட்டம் இயற்றும் அவைக்கும் ஊருக்கும் நடுவே நடக்கும் பேச்சை 'முன்றிலுரை' என்றால், 'லாபி' என்பதன் பிறப்பு வரலாறும் அதில் அடங்கிவிடும்.

சென்னை வழக்குரைஞர் அம்மையார்:

ஐயா, அதன் அழகை மறுக்க மாட்டேன். ஆனால் பிறப்பு வரலாறு அடங்க வேண்டியது அகராதியில். மாணவர் கையில் கொடுக்கும் சொல்லில் 'யாருக்காக?' என்ற கேள்வி அடங்க வேண்டும். 2021இல் எக்ஸான்மொபிலுக்காகத் தலைநகர் வாஷிங்டனில் பேசிய சார்புரைஞர் கீத் மெக்காய், வேலைக்கு ஆள் தேடுபவர்போல் வந்த சுற்றுச்சூழல் இதழாளர்களிடம் பேசிய காணொளி வெளியானது. அறிவியலில் சிலவற்றை நிறுவனம் கடுமையாக எதிர்த்ததையும், தொடக்க கால முயற்சிகளைத் தடுக்க நிழல் அமைப்புகளில் சேர்ந்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். கார்பன் வரி வரப்போவதில்லை என்று தெரிந்தே அதை ஆதரிப்பதாகப் பேசுவதையும் சொன்னார். அவை தம் நிறுவனத்தின் நிலைப்பாடு அல்ல என்று கூறி அதன் தலைவர் வருத்தம் தெரிவித்தார். இந்தப் பத்தியில் 'முன்றிலுரைஞர்' என்று வைத்தால் இடம் தெரியும். 'சார்புரைஞர்' என்று வைத்தால்தான் அவர் யாருடைய ஆள் என்பது தெரியும்.

திருநெல்வேலி நண்பர்:

நான் இன்னும் தரகுப் பக்கம்தான். சட்டம் அனுமதித்ததாலேயே ஒரு செயல் வேறு செயலாகிவிடாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைக்காகத் தடுக்கவில்லை.

கோவை உதவி ஆசிரியர்:

சார்புரைக்கு என் ஒப்புதல். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'லாபி எனப்படும் சார்புரை' என்று எழுதிவிடுங்கள். வேறு பெயரில் இயங்கும் அமைப்புகளுக்கு 'முகமூடி அமைப்பு' போதும். அதற்கு விளக்கமே தேவையில்லை.

மதுரையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

மூவர் சார்புரைக்கு; ஒருவர் தரகுக்கு; பேராசிரியர் ஐயா முன்றிலுக்கு. இரவு முழுவதும் மாற்றி முடித்தேன். உலகக் காலநிலைக் கூட்டணி வரும் இடத்தில் முகமூடி அமைப்பு, மேலவை உறுப்பினரிடம் பேசும் இடங்களில் சார்புரை, வாஷிங்டன் மாநிலத்தில் பரப்புரை என மூன்றாகப் பிரித்திருக்கிறேன். 2009 ஆகஸ்ட் கூட்டங்களுக்கு மட்டும் எந்தச் சொல்லும் முழுமையாக ஒட்டவில்லை. பேசியது மக்களின் வாய். கேட்க வேண்டியது மேலவையின் செவி. அழைத்து வந்தது கூட்டமைப்பு. அங்கே கலைச்சொல்லைக் கைவிட்டு, நடந்ததை இரண்டு வாக்கியங்களில் விளக்கி எழுதிவிட்டேன்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர்:

அந்த இரண்டு வாக்கியங்களையும் குழுமத்துக்கு அனுப்பிவையுங்கள். அவற்றுக்கு ஒரு சொல் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.