சக்சன் ஸ்ட்ரெய்னர் அடைத்து பம்ப் சீல் போகிறது: மெஷ்ஷையே எடுத்துவிடலாமா?

கேள்வி

வணக்கம். திருப்பூரில் பின்னலாடைத் துணி சாயப்பட்டறை. சாஃப்ட் ஃப்ளோ மெஷினிலிருந்து வடியும் சூடான தண்ணீரைத் திறந்த தொட்டியில் பிடித்து, பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தள்ளும் பம்ப். மணிக்கு 30 கன மீட்டர், சக்சன் (உறிஞ்சும் பக்க) பைப் 80 மி.மீ., பைப் உரசல் இழப்பு 0.6 மீட்டர். தண்ணீர் 70 டிகிரி, சில பேட்ச்சில் 80. தொட்டியின் குறைந்தபட்ச மட்டம் பம்ப் சென்டருக்கு 1 மீட்டர் மேலே. பம்புக்குத் தேவையான என்பிஎஸ்எச் (தண்ணீர் ஆவியாகாமல் இருக்க பம்ப் வாயில் ஆவியழுத்தத்துக்கு மேல் இருக்க வேண்டிய அழுத்தம்) கர்வ்படி 3.5 மீட்டர்.

சக்சனில் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை போட்ட ஒய் வடிவ ஸ்ட்ரெய்னர், அதாவது வடிகட்டி. ஷிப்டுக்கு ஒருமுறை பஞ்சு அடைக்கிறது. அப்போது கேசிங்கில் ஜல்லி உருள்வது போல் சத்தம், டெலிவரி கேஜ் முள் ஆடுகிறது, ஆம்ப்ஸ் இறங்குகிறது. மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) தாங்குவதில்லை. இம்பெல்லர் (பம்பின் சுழலும் சக்கரம்) வேன்களின் நுழைவு ஓரத்தில் குழி குழியாக அரிப்பு. மெஷ்ஷைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

பதில் 1

கழற்றாதீர்கள் சார். ஒரு போல்ட்டோ வெல்டிங் கசடோ உள்ளே போனால் இம்பெல்லர் அன்றோடு சரி. ஆனால் 40 மெஷ்ஷின் கண் சுமார் 0.4 மி.மீ. பம்புக்கு அவ்வளவு நுண்மை வேண்டியதே இல்லை. எக்ஸ்சேஞ்சரைக் காக்கும் வேலையைச் சக்சனில் சுமத்தியதுதான் இங்கே கோளாறு.

அந்தச் சத்தம் கேவிட்டேஷன்: பம்ப் வாயில் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் தண்ணீர் குமிழியாகி, உடைந்து இம்பெல்லரை அரிக்கும். கணக்கைப் பாருங்கள். திருப்பூர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதோடு தொட்டி மட்டம் 1 மீட்டர் சேரும். 70 டிகிரியில் ஆவியழுத்தம் 3.2 மீட்டர், பைப் உரசல் 0.6. கழித்தால் 7.2 மீட்டர் மிஞ்சும். பம்புக்கு 3.5, பாதுகாப்புக்கு 1 மீட்டர் போக, ஸ்ட்ரெய்னர் தின்னக்கூடியது 2.7 மீட்டர், அதாவது 0.26 பார்.

80 டிகிரியில் ஆவியழுத்தம் 5 மீட்டர் ஆகிவிடும். ஸ்ட்ரெய்னருக்கு மிஞ்சுவது வெறும் 0.9 மீட்டர், 0.09 பார். சுத்தமான 40 மெஷ்ஷே அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும். 70 டிகிரியில் சத்தமில்லாமல் ஓடும் அதே அடைப்பு 80 டிகிரியில் இம்பெல்லரை அரிக்கிறது. சீல் முகங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலமும் அழுத்தம் குறைந்ததும் ஆவியாகிவிடும். முகங்கள் உலர்ந்து உரசி விரிசல் விடும்.

தொட்டியில் இடமிருந்தால் குறைந்தபட்ச மட்டத்தை நிர்ணயிக்கும் லோ லெவல் மிதவையை 1 மீட்டர் உயர்த்துங்கள். 80 டிகிரியில் மிஞ்சும் 0.9 என்பது 1.9 ஆகும். செலவே இல்லாத வேலை, இன்றைக்கே செய்யலாம்.

பதில் 2

பஞ்சைத் தொட்டிக்கு முன்பே பிடிக்க வேண்டும். வடிகால் வாயில் சாய்வான கம்பிச் சல்லடை வைத்தால் தண்ணீர் தன் எடையிலேயே இறங்கும், பஞ்சு மேலே தங்கும். அங்கே அடைத்தாலும் பம்புக்கு ஆபத்தில்லை.

சக்சனில் ஒய் வகையை எடுத்துவிட்டு 3 மி.மீ. துளை பேஸ்கெட் (கூடை வடிவ) ஸ்ட்ரெய்னர் போடுங்கள். 80 மி.மீ. பைப்பின் குறுக்குப் பரப்பு 50 சதுர செ.மீ. பேஸ்கெட் துளைகளின் மொத்தத் திறப்பு அதைப்போல் 6 மடங்கு, 300 சதுர செ.மீ. இருக்கட்டும். பேஸ்கெட்டின் மேற்பரப்பைத் திறப்பு என்று சொல்லி விற்பார்கள், டிராயிங்கில் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சருக்கான நுண் ஃபில்டர் டெலிவரி பக்கம் போகட்டும். நிறுத்தாமல் ஓட வேண்டுமென்றால் டூப்ளெக்ஸ் (இரட்டை, ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடும்).

இன்னொன்று: சத்தம் வந்ததும் சக்சன் வால்வைத் திருகுகிறார்கள். அது நோயைக் கூட்டும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடினால் ஓட்டம் குறைந்து, ஸ்ட்ரெய்னர் இழப்பும் பம்பின் தேவையும் சேர்ந்தே இறங்கும். ஷிப்ட் முடியும்வரை சமாளிக்கலாம்.

பதில் 3

சுத்தம் செய்யும் முறையையும் கவனியுங்கள். சீல் பல நேரம் அடைப்பில் போவதில்லை, சுத்தம் செய்து ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில்தான் போகிறது. பேஸ்கெட் அறையில் நிற்கும் காற்று அப்படியே பம்புக்குள் போய்விடும்.

பம்பை நிறுத்தி, ஐசொலேட்டரைப் பூட்டி, இரு பக்க வால்வுகளையும் மூடுங்கள். உள்ளே 70–80 டிகிரி தண்ணீர். ஆறவிட்டு, வென்ட்டை (காற்றுப் போக்கியை) திறந்து அழுத்தம் போனபின் டிரெயின் செய்து, அப்புறம்தான் மூடியில் கை வைக்க வேண்டும். பேஸ்கெட்டில் கிழிசல், நசுங்கல் பாருங்கள். அடைத்தபடியே ஓடிய பேஸ்கெட் உள்வாங்கி உடைந்து கம்பித் துண்டே இம்பெல்லருக்குப் போகும். கேஸ்கட் புதிதாகப் போட்டு, போல்ட்டை எதிரெதிராக முறுக்குங்கள். சக்சன் வால்வை மெல்லத் திறந்து, ஸ்ட்ரெய்னர் மூடி வென்ட்டிலும் கேசிங் வென்ட்டிலும் குமிழி இல்லாமல் தண்ணீர் வந்த பிறகே ஸ்டார்ட்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஸ்ட்ரெய்னருக்கு இருபக்கமும் டிபி (அழுத்த வித்தியாச) கேஜ் வைத்தால் போதுமா?

பதில் 1

அது மட்டும் போதாது. இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் மணிக்கு 20 கன மீட்டராகக் குறைந்திருக்கும்போது டிபி 0.1 பார் காட்டினால், அதே அடைப்பு 30-க்கு 0.22 பார். அடைக்க அடைக்க ஓட்டமும் குறைவதால் டிபி பாதிதான் சொல்லும்.

ஸ்ட்ரெய்னருக்கும் பம்புக்கும் நடுவே, பம்ப் சென்டர் உயரத்தில், −1 முதல் 1.5 பார் காம்பவுண்ட் கேஜ் (காற்றழுத்தத்துக்குக் கீழும் மேலும் காட்டுவது) ஒன்று வையுங்கள். ஓட்டம் 30 இருக்கும்போது 70 டிகிரியில் −0.23 பார், 80 டிகிரியில் −0.06 பார் கீழ் எல்லை. பம்பை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச்சை 80 டிகிரிக்கான எல்லையில் வைத்து 10 வினாடி டிலே கொடுங்கள். இப்போதைய 1 மீட்டர் மட்டத்தில் சுத்தமான ஸ்ட்ரெய்னரோடேயே முள் −0.02 பக்கம் நிற்கும். மிதவையை உயர்த்தாமல் சுவிட்ச் மாட்டினால் ஓயாமல் டிரிப் ஆகும், பிறகு யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார்கள்.