சீட்டா ஹெலிகாப்டரும் நம்ம ஊர் டீசல் என்ஜினும்

மார்கழி விடியலில் டீசல் என்ஜின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். குளிரில் என்ஜினைக் கிளப்பும் அந்தத் தொல்லை எனக்கு லடாக்கின் லே-யில் இருந்தது. விமானப்படையில் என்ஜின் டெக்னீஷியன். இப்போது மன்னார்குடிப் பக்கம் சம்பா சாகுபடி.

சீட்டா பிறந்ததே நமக்காகத்தான். பெரிய மலைகளில் பறக்க ஒன்று வேண்டும் என்று இந்திய ராணுவம் கேட்க, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் அலூவெட் 2 ஹெலிகாப்டரின் சின்ன உடம்பில் அதைவிடப் பெரிய அலூவெட் 3-இன் என்ஜினைத் தூக்கி வைத்தார்கள். ஐந்து எச்.பி. போதும் என்ற இடத்தில் பத்து எச்.பி. மோட்டார் போட்ட கதை. 1969-இல் முதன்முதலில் பறந்தது.

மைனஸ் முப்பதில் ஆயில் கெட்டியாகும், பேட்டரி படுத்துவிடும், ரப்பர் சீல் விறைத்து ஒழுகும். இருட்டிலேயே எழுந்து, என்ஜினைத் தார்ப்பாயால் மூடி, குழாய் வழியாகச் சூடான காற்றை விடுவோம். ஒருநாள் அவசரத்தில் கையுறையைக் கழற்றி ஸ்பேனரைப் பிடித்தேன். விரல் தோல் ஸ்பேனரோடு போனது. அப்புறம் எல்லா ஸ்பேனருக்கும் துணி டேப் சுற்றிவிட்டேன்.

சியாச்சினில் இறங்கினால் என்ஜினை அணைக்கவே மாட்டார்கள். அணைத்தால் திரும்பக் கிளம்பும் என்று நம்ப முடியாது. விசிறி சுற்றச் சுற்றவே சரக்கை இறக்க வேண்டும். உச்சிச் சாவடிகளுக்கு ஒரு நடைக்கு ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெய், அவ்வளவுதான். அதற்காகப் பின் இருக்கைகளைக்கூடக் கழற்றுவோம். பின்னாளில் அதே உடம்பில் டி.எம். 333 என்ஜின் பொருத்தி 'சீத்தல்' என்று பெயர் வைத்தார்கள். புள்ளிமான். அதில் எரிபொருளை கம்ப்யூட்டரே அளந்து விடும். எங்கள் காலத்தில் அந்தச் சொகுசெல்லாம் இல்லை.

வேதாரண்யத்திலிருந்து ஒருவர்: அண்ணே, நடுவானில் என்ஜின் நின்றால்?

கல்லாக விழாது தம்பி. இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும். 1972 ஜூன் 21-இல் ழான் பூலே என்ற பிரெஞ்சு பைலட் இதே ரகத்தை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே என்ஜின் அணைந்தது. குளிரில் திரும்பக் கிளம்பவில்லை. அப்படியே காற்றிலேயே இறங்கி வந்து சேர்ந்தார். அதைவிடக் கரண்டு கம்பிக்குத்தான் பைலட்டுகள் பயப்படுவார்கள். அதனால் பல ராணுவ ஹெலிகாப்டர்களில் மூக்குக்கு மேலேயும் கீழேயும் கம்பி வெட்டும் கத்தி வைத்திருப்பார்கள்.

வேதாரண்யத்திலிருந்து அதே நபர்: அட! கஜா அடித்த மறுவாரம், 2018 நவம்பரில், தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்த எங்கள் தோப்புக்கு மேலே ஒன்று ரொம்பத் தாழ்வாகப் போனது. கண்ணாடிக்கு மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததை அம்மாதான் முதலில் காட்டினார். நான் ஏரியல் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.