நேரலையில் பைஅத் செய்தால் கூடுமா?

பர்மா_பஜார்:
அஸ்ஸலாமு அலைக்கும். நக்‌ஷபந்தி ஹக்கானி தரீக்காவில் (சூஃபி ஆன்மிக வழியில்) ஷைகின் (ஆன்மிக குருவின்) நேரலையைப் பார்த்துக்கொண்டே பைஅத் (சீடராகச் சேரும் உறுதிமொழி) செய்யலாம் என்கிறார்கள். ஷைகு இருப்பது இஸ்தான்புல்லில், முரீது (சீடர்) இருப்பது சென்னையில். இது கூடுமா? ஏற்கெனவே காதிரிய்யா என்ற இன்னொரு தரீக்காவில் பைஅத் வாங்கியவர் இதில் சேரலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காயல்காக்கா:
வஅலைக்குமுஸ்ஸலாம். பைஅத் என்றாலே கையில் கை வைப்பதுதான் தம்பி. ஹிஜ்ரி 6இல் மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் மரத்தடியில் தோழர்கள் நபியவர்களிடம் செய்தது அப்படித்தான். "அவர்களுடைய கைகளுக்கு மேல் அல்லாஹ்வின் கை இருக்கிறது" (குர்ஆன் 48:10) என்ற ஆயத்தை ஓதித்தான் இன்றைக்கும் பல தரீக்காக்களிலும் பைஅத் கொடுக்கிறார்கள். கூட்டம் அதிகமானால்கூட ஷைகின் கையிலிருந்து தலைப்பாகைத் துணியை நீட்டிவிட்டு ஆளுக்கொரு இடத்தில் பிடிக்கச் சொல்வார்கள். துணி எட்டாதவர் முன்னால் இருப்பவரின் தோளில் கை வைப்பார். அவ்வளவு பேணிய ஒன்றைக் கண்ணாடித் திரையில் முடித்துக்கொள்ளலாம் என்றால் எப்படி?

கொழும்பு_நானா:
காக்கா, நீங்கள் சொன்ன அதே ஹுதைபிய்யாவிலேயே பதில் இருக்கிறது. நபித்தோழர் உஸ்மான் (ரலி) அப்போது மக்காவுக்குத் தூது போயிருந்தார்கள். நபி (ஸல்) தம் வலக்கையைக் காட்டி "இது உஸ்மானின் கை" என்று சொல்லி, இன்னொரு கையில் வைத்தார்கள். ஊரில் இல்லாத ஆளுக்கு பைஅத் நடந்துவிட்டது. பெண்களுடைய பைஅத் (60:12) முழுக்க வாய்ச்சொல்தான். நபியவர்களின் கை எந்த அந்நியப் பெண்ணின் கையையும் தொட்டதில்லை என்று அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி) சொல்வது புகாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. கை பிடிப்பது ருக்னாக (இன்றியமையாத அங்கமாக) இருந்தால் பெண்களின் பைஅத்தை என்னவென்பீர்கள்? கடிதத்தில் வேண்டுமா, அதுவும் இருக்கிறது. நபித்தோழர் இப்னு உமர் (ரலி), கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானுக்குத் தம் பைஅத்தை எழுதித்தான் அனுப்பினார்கள்.

காயல்காக்கா:
கடைசியில் சொன்னது ஆட்சியாளருக்குக் கொடுத்த பைஅத். அப்துல் மலிக் இப்னு உமருக்கு நஃப்ஸை, அதாவது மன இச்சையை, திருத்தும் பாடம் நடத்தவில்லையே. உஸ்மான் (ரலி) விஷயத்திலும் கை வைத்தவர் யார்? நபியவர்களே. அவரை அனுப்பியவரும், அவருடைய உள்ளும் புறமும் அறிந்தவரும் அவர்கள்தாம். நேரலையில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தால் ஷைகுக்கு உங்கள் பெயராவது தெரியுமா? பெண்கள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களும் சபைக்கு வந்து, கேட்டு, பதில் சொல்லித்தான் பைஅத் செய்தார்கள்.

நேர்வழி:
முஸ்லிம்களின் ஆட்சியாளரான கலீஃபாவைத் தவிர யாருக்கும் பைஅத் கிடையாது. நேரில் செய்தாலும் பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை), நெட்டில் செய்தாலும் பித்அத்.

கொழும்பு_நானா:
அதைத் தனி இழையில் பேசுவோம் பாய். கேள்வி கேட்டவர் தரீக்காவை ஏற்றுக்கொண்டவர்.

கிதாபுப்புழு:
இருவரும் "இணையவழி" என்று ஒரே சொல்லில் மூன்று காரியங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

ஒன்று, இருவழி அழைப்பு. ஷைகு உங்களைப் பார்க்கிறார், நீங்கள் சொல்வதைக் கேட்கிறார், "கபூல்" (ஏற்றேன்) என்கிறார். இரண்டு, ஒருவழி நேரலை. நீங்கள் சொல்வது அவர் காதில் விழாது. மூன்று, பழைய பதிவு. ஜித்தாவில் 1990 மார்ச்சில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) அகாதமி தன் 52ஆம் தீர்மானத்தில், தொலைபேசி போல இருவரும் ஒரே நேரத்தில் பேசும் சாதனத்தில் செய்யும் ஒப்பந்தம் நேரில் இருப்பவர்கள் செய்வதைப் போன்றதே என்றது. நிகாஹை (திருமணத்தை) மட்டும் சாட்சி வேண்டும் என்பதற்காக விலக்கியது. நாணய மாற்றையும் முன்பணம் கொடுத்துப் பொருளைப் பின்னால் வாங்கும் ஸலம் வியாபாரத்தையும் வேறு காரணங்களுக்காக விலக்கியது. பைஅத்துக்குச் சாட்சி ஷர்த் (நிபந்தனை) இல்லை. ஆக முதல் வகையில் ஃபிக்ஹு ரீதியாகத் தடை சொல்வது கடினம். இரண்டாம் வகையில் கபூல் எங்கே என்ற கேள்வி நிற்கிறது. "பார்ப்பவர்கள் எல்லோரையும் ஏற்றேன்" என்று ஷைகு வாயால் சொன்னால் ஓரளவு சமாதானம் ஆகலாம்.

மூன்றாவதுதான் வம்பு. இந்தத் தரீக்காவின் முந்தைய தலைவர் ஷைகு நாஜிம் ஹக்கானி 2014 மே 7 அன்று வட சைப்ரஸில் மறைந்தார். அவர் பைஅத் கொடுக்கும் பதிவுகள் இன்னும் சுற்றுகின்றன. அதைப் போட்டுவிட்டுக் கூடவே சொல்பவர் யாருக்கு பைஅத் செய்கிறார்?

கொழும்பு_நானா:
பதிவு கூடாது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இன்றைக்கு அந்த இடத்தில் அவருடைய மகன் ஷைகு மெஹ்மத் ஆதில் இருக்கிறார். முன்பே பைஅத் செய்தவர்களும் அவரிடம் புதுப்பித்துக்கொண்டார்கள். அதே சமயம் நக்‌ஷபந்தி ஸில்ஸிலாவையும் (குரு பரம்பரையையும்) மறக்க வேண்டாம். அதில் வரும் அபுல் ஹஸன் கர்கானீ பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பாயஸீத் பிஸ்தாமி மறைந்துவிட்டார். ஆனாலும் கர்கானீயின் நிஸ்பத் (ஆன்மிகத் தொடர்பு) அவரிடமிருந்துதான். உடல் சந்திப்பில்லாமல் எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னால் ஸில்ஸிலாவே அறுந்துவிடும்.

காயல்காக்கா:
நேரில் சந்திக்காமலே வரும் உவைஸீ நிஸ்பத் கிடைத்தவருக்குக் கிடைத்தது. பொத்தானை அழுத்தி அதை வாங்க முடியாது நானா.

பர்மா_பஜார்:
ஸில்ஸிலா இருக்கட்டும் நானா, நடைமுறையைச் சொல்லுங்கள். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

கொழும்பு_நானா:
முன்கூட்டியே வட்டாரப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்து நேரம் வாங்குங்கள். வுளூ (தொழுகைக்கு முன் செய்யும் கழுவல்) செய்து கிப்லாவை (தொழும் திசையை) நோக்கி உட்காருங்கள். ஷைகு 48:10 ஆயத்தை ஓதுவார். அல்லாஹ்வை ரப்பாகவும் (இறைவனாகவும்) இஸ்லாத்தை மார்க்கமாகவும் முஹம்மது (ஸல்) அவர்களை நபியாகவும் பொருந்திக்கொண்டோம் என்ற வாசகத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார், நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு "அல்லாஹு அல்லாஹு அல்லாஹு ஹக்" மூன்று முறை, துஆ, ஃபாத்திஹா. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

குழு அழைப்பாக இருந்தால் உங்கள் மைக்கை அடைத்துவிட்டு வாயால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் குரல் ஒரு நொடி பிந்தி வந்து, ஷைகு அடுத்த துண்டுக்குப் போன பிறகு முந்தைய துண்டு எதிரொலிக்கும்; எல்லோருக்கும் குழம்பிவிடும். பெண்கள் கேமராவைத் திறக்கத் தேவையில்லை, குரல் போதும். பக்கத்தில் மஹ்ரம் (நெருங்கிய ஆண் உறவினர்) இருப்பது நல்லது.

காயல்காக்கா:
ஐந்து நிமிடம் சரி, ஆறாவது நிமிடம்? அன்றாடம் ஓத வேண்டிய அவ்ராதுத் தாள் ஒன்றை அனுப்பிவிட்டு ஆளை விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப நிலைக்கு "அல்லாஹ் அல்லாஹ்" நாவால் 1,500, கல்பால் (உள்ளத்தால்) 1,500, கூடவே ஸலவாத் (நபிமீது வாழ்த்து) 100. நூறு மணித் தஸ்பீஹில் பதினைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் குஞ்சத்துப் பக்கம் இருக்கும் சின்ன மணியில் ஒன்றைக் கீழே இழுத்துக் கணக்கு வைக்க வேண்டும். நிதானமாகச் சொன்னால் நாவால் சொல்லும் பகுதிக்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைக்கூடச் செய்துவிடலாம். அதே தளத்தில் மேல் நிலைக்காரர்களுக்கான 5,000 கணக்கும் இருக்கிறது. புதிதாக வந்தவர் ஆர்வத்தில் அதைத் தூக்கிக்கொள்கிறார். அதிலும் மூச்சை அடக்கி 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று தியானிக்கும் நஃபீ இஸ்பாத் திக்ரைக் காணொளி பார்த்துச் செய்கிறவர்கள் உண்டு. தலைசுற்றல், தூக்கம் கெடுவது, கனவில் கண்டதை எல்லாம் உத்தரவு என்று நினைப்பது எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. நேரில் ஷைகு இருந்தால் முகத்தைப் பார்த்தே "பாதியாகக் குறை" என்பார். திரையில் யார் குறைப்பது?

கொழும்பு_நானா:
இது வலுவான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது பைஅத்தின் கோளாறு இல்லை, பின்தொடர்பு இல்லாத கோளாறு. நேரில் கை கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு கந்தூரி வரை ஷைகின் முகத்தைப் பார்க்காத முரீதுகள் நம் ஊர்களில் இல்லையா? அவர்களைவிட வியாழன் இரவு கத்முல் க்வாஜகான் கூட்டு திக்ரில் இணையத்திலாவது உட்காருகிறவர் மேல். இமாமை நேரலையில் பின்பற்றித் தொழ முடியாது, சரி. திக்ருக்கு அந்த நிபந்தனை கிடையாதே.

கிதாபுப்புழு:
போலிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஷைகின் படத்தைப் போட்டு, பெயரில் ஒரு புள்ளி கூட்டித் தொடங்கிய கணக்குகள் டெலிகிராமில் ஏராளம். தானாக உள்பெட்டிக்கு வந்து "உங்களைக் கனவில் கண்டேன்" என்றால் அங்கேயே முடித்துவிடுங்கள். பைஅத்துக்குக் கட்டணம் கிடையாது. ஹதியா (அன்பளிப்பு) என்ற பெயரில் முன்பணம், ஆதார் நகல், தனியே இரவு அழைப்பு என்று எதைக் கேட்டாலும் ஆள் போலி. தன்னை ஷைகின் கலீஃபா (பிரதிநிதி) என்று சொல்பவரிடம் இஜாஸத்தை (பைஅத் கொடுக்கும் அனுமதியை) யார், எந்த ஆண்டு கொடுத்தார் என்று கேளுங்கள். பிறகு அதைத் தலைமை தர்காஹ்வில் வேறு வழியாக விசாரியுங்கள். உண்மையானவர் கோபப்பட மாட்டார்.

பர்மா_பஜார்:
காதிரிய்யா பைஅத் கேள்விக்குப் பதில் வரவில்லையே?

காயல்காக்கா:
சூஃபி அறிஞர் ஷிஹாபுத்தீன் ஸுஹ்ரவர்தி, ஷைகு முரீதுக்கு அணிவிக்கும் கிர்காவை (அங்கியை) இரண்டாகப் பிரிக்கிறார்: இராதாவுக்கு (முழுச் சீடராவதற்கு) ஒன்று, தபர்ருக்குக்கு (அருள் பெறுவதற்கு) ஒன்று. பரக்கத்துக்காக எத்தனை பெரியாரிடமும் வாங்கலாம். தர்பியத்துக்கு (ஆன்மிகப் பயிற்சிக்கு) ஒரே ஷைகுதான். சின்ன வயதில் பெற்றோர் கை பிடித்து வைத்தது பெரும்பாலும் தபர்ருக். ஆனால் அந்த ஷைகோ கலீஃபாவோ ஹயாத்தாக (உயிரோடு) இருந்து, அவ்ராது கொடுத்து, முரீது அதை ஓதியும் வருகிறார் என்றால், அந்த ஷைகிடம் சொல்லாமல் திரைக்கு ஓடுவது அதபு (ஒழுக்கம்) இல்லை.

கொழும்பு_நானா:
சொல்லிவிட்டுப் போகலாம், அனுமதி வேண்டியதில்லை. ஒரு வருடம் ஓதியும் யாரும் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்காத இடத்தில் என்ன தர்பியத்?

காயல்காக்கா:
அனுமதி வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.