ஆட்சி மாறியும் கயானாவின் எண்ணெய் ஒப்பந்தம் ஏன் மாறவில்லை?

கேள்வி:
ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகம். தென் அமெரிக்க நாடான கயானா, தன் கடலில் உள்ள ஸ்டாப்ரோக் என்ற எண்ணெய்ப் பகுதிக்காக 2016-இல் எக்ஸான்மொபில் நிறுவனக் குழுவோடு போட்ட ஒப்பந்தத்தில் ராயல்டி (எடுக்கும் எண்ணெயில் அரசுக்கு முதலில் தர வேண்டிய பங்கு) வெறும் 2 சதவீதம். மாதா மாதம் எடுக்கும் எண்ணெயில் 75 சதவீதம் வரை நிறுவனங்கள் செய்த செலவை ஈடுகட்டவே போய்விடலாம், மிச்சத்தைத்தான் பாதிப் பாதியாகப் பிரிக்கிறார்கள். போதாததற்கு நிறுவனங்களின் வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து கட்டுகிறது! இதை விமர்சித்த எதிர்க்கட்சி 2020 ஆகஸ்டில் ஆட்சிக்கு வந்தது, ஆனால் ஒப்பந்தத்தில் கை வைக்கவில்லை. 2006-இல் பொலிவியா தன் எரிவாயுவைத் தேசியமயமாக்கி, வெளிநாட்டு நிறுவனங்களைப் புதிய ஒப்பந்தத்துக்கு வரவைத்ததே, அது இவர்களால் ஏன் முடியவில்லை?

பதில் 1:
அந்த ஒப்பந்தத்தின் 32-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பின்னால் வரும் சட்டத்தாலோ வரியாலோ நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் அரசு ஈடுகட்ட வேண்டும். மீறினால் சர்வதேச நடுவர் மன்றம்தான். வெனிசுவேலா 2007-இல் ஓரினோகோ பகுதி எண்ணெய்த் திட்டங்களைக் கையகப்படுத்தியது, அமெரிக்க எண்ணெய் நிறுவனமான கொனோகோபிலிப்ஸ் வழக்குப் போட்டது, 2019-இல் சுமார் 870 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சின்ன நாடு பயப்படத்தான் செய்யும்.

பதில் 2:
பயம் இருக்கட்டும், பிடி கையில் இருந்ததே, அதை ஏன் விட்டார்கள்? பொலிவியாவில் கிணறு தோண்டி, பிரேசில் வரை குழாயும் போட்டாகிவிட்டது. நிறுவனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் அரசு வைத்த 180 நாள் கெடு முடிவதற்குள் எல்லோரும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கயானாவில் 2020-இல் ஒரே ஒரு கப்பல்தான் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தது, அடுத்த வயலான பயாராவுக்கு அரசு அனுமதி தர வேண்டியிருந்தது. பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் ஏது? பதவியேற்ற இரண்டே மாதத்தில், செப்டம்பர் கடைசியில், ராயல்டியைத் தொடாமலே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்புறம் யெல்லோடெயில், உவாரு, விப்டெயில் என்று மற்ற வயல்களுக்கும் வரிசையாக. ஒவ்வொன்றும் கைநழுவிய வாய்ப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
சரி, 2023-இல் ராயல்டியை 10 சதவீதம் ஆக்கியதாகப் படித்தேனே?

பதில் 1:
அது புதிதாக ஏலம் விட்ட பகுதிகளுக்கான மாதிரி ஒப்பந்தம். செலவுக் கழிவுக்கு 65 சதவீத உச்சவரம்பு, தனியாக 10 சதவீத வரி, எல்லாம் அதில் உண்டு. ஸ்டாப்ரோக்குக்குப் பழைய கணக்கேதான், எண்ணெய் வருவதோ அங்கிருந்து.

பதில் 3:
ஒப்பந்தத்தைத் திருத்தாமலே செய்யக்கூடிய வேலையும் கிடக்கிறது. 1999 முதல் 2017 வரை செலவானதாகக் காட்டிய 167 கோடி டாலரைத் தணிக்கை செய்தபோது 21.4 கோடி டாலருக்குக் கேள்வி எழுந்தது. அதோடு வயல்வாரியாகக் கணக்கைப் பிரிக்கும் விதியே இல்லாததால், இன்னும் ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தராத வயலின் செலவை, ஓடிக்கொண்டிருக்கும் வயலின் வருமானத்தில் கழிக்கிறார்கள். அடுத்த வயலுக்கு அனுமதி கேட்டு வரும்போது முதலில் இதைப் பேசி முடியுங்கள் என்று அரசு சொல்ல வேண்டும்.